புல்லும் ஊனும்: மெக்மீக்கனின் ஆராய்ச்சி



நியூஸிலாந்து என்றவுடன் நம்மில் பலருக்குக் கிரிக்கெட் நினைவுக்கு வரும். சிலருக்கு வெண்ணெய் நினைவுக்கு வரக்கூடும். அந்த வெண்ணெய்க்கும் அந்நாட்டு இறைச்சிக்கும் முதல், புல்லேயாகும். மாட்டைத் தொழுவத்தில் கட்டித் தீனி இடாமல், ஆண்டு முழுவதும் வெளியில் மேயவிடுவதே அங்கு பெருவழக்கு. அப்புல்லையும் அதனை உண்ணும் பிராணியையும் ஒருசேர ஆராய்ந்த காம்பெல் பெர்சி மெக்மீக்கன் என்னும் விஞ்ஞானியைப் பற்றி இன்று பேச எண்ணுகிறோம். புலால் உண்ணாத நேயர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். பேச்சு பன்றியில் தொடங்கிப் பாலில்தான் முடிகிறது.

1908ஆம் ஆண்டில் பிறந்த மெக்மீக்கன், 1930களில் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் ஜான் ஹாம்மண்டிடம் பயின்றார். வளரும் பிராணியின் உடலில் எல்லாப் பகுதிகளும் ஒரே சீராக வளர்வதில்லை என்பது ஹாம்மண்டின் கொள்கை. முதலில் எலும்பு, பின்னர் தசை, கடைசியில் கொழுப்பு என ஒவ்வொன்றும் தனக்குரிய காலத்தில் விரைந்து வளரும். அவ்வாறாயின், தீனியைக் கூட்டியும் குறைத்தும் இறைச்சியின் தன்மையை மாற்ற முடியுமா? இவ்வினாவையே மெக்மீக்கன் எடுத்துக்கொண்டார்.

பன்றிக்குட்டிகளை நான்கு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குத் தொடக்கம் முதல் இறுதிவரை நிறைந்த உணவு. மற்றொன்றுக்கு இறுதிவரை குறைந்த உணவு. மூன்றாவது பிரிவுக்குப் பதினாறு வாரம் வரை நிறைவு, பின்னர் குறைவு. நான்காவதற்கு அதற்கு நேர்மாறு. ஒவ்வொன்றும் 200 பவுண்டு எடையை எட்டியதும் அறுத்து, எலும்பு, தசை, கொழுப்பு எனத் தனித்தனியே பிரித்து நிறுத்துப் பார்த்தார். இதில் மூன்றாவதும் நான்காவதும்தாம் நம் கருத்தைக் கவர்பவை. இறுதி எடை ஒன்றே. ஆயினும் முதலில் வயிறார உண்டு பின்னர் அளவோடு உண்டதன் உடலில் தசை நூற்றுக்கு ஏறத்தாழ 45 பங்கும் கொழுப்பு 33 பங்கும் இருந்தன. முதலில் பட்டினியும் பின்னர் விருந்துமாக வளர்ந்ததிலோ தசை 36, கொழுப்பு 44! இளமையில் கிடைத்த உணவு தசையாயிற்று. காலங்கடந்து கிடைத்தது கொழுப்பாயிற்று. இறுதிவரை குறைவாக உண்டதே எல்லாவற்றினும் கொழுப்புக் குறைந்தது என்பது உண்மை. ஆனால் அது 200 பவுண்டை எட்டுவதற்குள் வளர்ப்பவனின் பொறுமை தீர்ந்துவிடும்.

தாயகம் திரும்பிய அவர் 1943இல் ஹாமில்டன் நகரை அடுத்த ருவாகுரா பிராணி ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரானார். அங்கு ஒரே கருவில் தோன்றிய இரட்டைக் கன்றுகளைக் கொண்டு சோதனைகள் நடைபெற்றன. பிறவிக்குணம் ஒன்றாகவே இருத்தலின், இரட்டையருள் காணும் வேற்றுமை தீனியாலோ பராமரிப்பாலோ வந்தது என்று துணிந்து கூறலாம். நூறு மாடுகள் வேண்டிய இடத்தில் சில இணைகளே போதும்.

இனி மேய்ச்சலுக்கு வருவோம். நிலத்தைப் பல துண்டாக வேலியிட்டு, இன்று ஒன்று, நாளை மற்றொன்று என மாற்றி மேய்ப்பது மேலா? மாடுகளை ஒரே பரப்பில் விட்டுவிடுவது மேலா? இது நெடுநாளைய வழக்கு. மெக்மீக்கனும் வால்ஷ் என்னும் ஆராய்ச்சியாளரும் 1963இல் வெளியிட்ட முடிவுகளில், மாற்றி மேய்க்கும் முறையே வென்றது. ஆனால் அதனினும் பெரிதாக ஒன்று புலப்பட்டது: ஏக்கருக்கு எத்தனை மாடு என்பது. மாடுகளை அதிகமாக்கினால் ஒவ்வொரு மாட்டின் கறவையும் குறையும். ஆயினும் வீணாகி முற்றிப்போகும் புல் குறைவதால், ஓர் அளவு வரையில் ஏக்கருக்குக் கிடைக்கும் பால் கூடும். அவ்வளவைத் தாண்டினால் இரண்டும் கெடும்.

இது கேட்பதற்கு எளிது. தன் பசு இத்தனை படி கறக்கிறது என்று அண்டை அயலாரிடம் பெருமை பேசும் குடியானவனிடம், அப்பெருமையைச் சிறிது விட்டுக்கொடு என்று கூறுவது எளிதன்று. மேலும், மழை பொய்த்த ஆண்டில் பிழையான கணக்கின் சுமையைத் தாங்குபவன் விஞ்ஞானி அல்லன், அவனே. ஆதலின் உழவர்களின் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்க எமக்கு மனமில்லை. மெக்மீக்கன் ஆய்வேட்டோடு நின்றுவிடாமல், ருவாகுராவில் கூடிய உழவர் மாநாடுகளில் அவர்களை நேருக்கு நேர் கண்டு வாதாடினார். 1960இல் அவர்கள் படிப்பதற்கென்றே ‘புல்லிலிருந்து பால்’ என்று பொருள்படும் நூலையும் எழுதினார்.

இக்கருத்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொடருக்கு எம் மேசைமீதுள்ள அகராதிகளைப் புரட்டி, ‘கால்நடைச் செறிவு வீதம்’ என்று எழுதி, அடித்தோம். ‘ஏக்கருக்கு இத்தனை மாடு’ என்பதையே வைத்துக்கொண்டோம். தொழுவத்தில் நிற்பவருக்கு அது விளங்கும்.

1960களில் உலக வங்கியின் கால்நடைத் திட்டங்களுக்கும் அவர் பணியாற்றினார். 1972இல் மறைந்தார். ஒரு நிலம் எத்தனை வாய்களுக்குப் புல் தரும் என்ற கணக்கை, ருவாகுராவில் அவருக்குப் பின் வந்தவர்கள் தொடர்ந்து போட்டுப் பார்த்தனர்.