ஒற்றைத் தலைவலி: வகைகளும் அடையாளங்களும்

(பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற தாய்மார்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஜூபிலி விழாவிலே தலைவலியைப் பற்றி ஒரு பேச்சா என்று சிலர் சிரித்தீர்கள். சிரிக்கலாம். ஆனால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் நான்கு பேருக்கு ஒருவர் இந்த நோயை அனுபவித்தவராக இருக்கக்கூடும். குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு ஒன்று 2015-ல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி வந்த பெரியவர்கள் 100-க்கு 25 பேர். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். பட்டணத்தைவிட நாட்டுப்புறத்தில் அதிகம். ஆகையால் இது படித்தவர் வீட்டு நோய் என்னும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

"தலைவலி யாருக்குத்தான் இல்லை, இவளுக்கு மட்டும் என்ன அதிசயம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். மல்லாட்டை பிடுங்கும் நேரத்தில் வேலைக்கு வராமல், கதவைச் சாத்திக்கொண்டு இருட்டிலே படுத்துவிட்டாள் என்று குறைபடுகிறார்கள். அந்த இருட்டைத் தேடுவதே நோயின் அடையாளம் என்பதுதான் நான் சொல்ல வந்த முதல் விஷயம்.

சாதாரணத் தலைவலி, தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியது போல இரண்டு பக்கமும் அழுத்தும். குமட்டல் இராது, முனகிக்கொண்டாவது வேலை செய்யலாம். ஒற்றைத் தலைவலி அப்படியல்ல. பெரும்பாலும் ஒரு பக்கப் பொட்டு விண் விண்ணென்று தெறிக்கும். மாடிப்படி ஏறினால், குனிந்து குடத்தைத் தூக்கினால் இன்னும் கூடும். வயிற்றைப் பிரட்டும், வாந்தி வரும். வெளிச்சமும் சத்தமும் ஆகாது. தாளிக்கிற வாசனையும், மல்லிகைப் பூவும், கோயிலில் போடுகிற சாம்பிராணியுங்கூடச் சிலருக்கு ஆகாது. மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 3 நாள் வரை நீடிக்கும். பிறகு ஒன்றுமே நடவாததுபோல் எழுந்து நடமாடுவார்கள். அதனால்தான் "நடிப்பு" என்ற பெயரும் வந்து சேருகிறது. முதல் நாளே கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, காரணமில்லாத எரிச்சல் வருவதுண்டு. இதுதான் முதல் வகை. பெரும்பாலோருக்கு வருவது இதுவே.

இதற்கு நம் பக்கத்தில் வேறு பெயர்கள் வைத்துவிடுகிறோம். வாந்தியில் மஞ்சளாக வந்தால் "பித்தம் ஏறிவிட்டது" என்போம். வாந்தி எடுத்ததும் வலி குறைவது பலருக்கும் உண்டுதான். ஆனால் பித்தம் இங்கே காரணமல்ல, குமட்டல் நோயோடு கூடவே வருவது. இன்னொரு பெயர் "நீர்க்கோவை". இப்போது அதையே சைனஸ் என்கிறோம். ஒற்றைத் தலைவலியின்போது மூக்கடைப்பும் கண்ணில் நீரும் வரும் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில், தமக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய ஏறக்குறைய 3,000 பேரைச் சோதித்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். 100-க்கு 88 பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி போன்றதே. சுக்குப் பற்றுப் போடுவதை நான் தடுக்கவில்லை, கண்ணில் படாமல் போடுங்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் சளி மருந்து வாங்கிச் சாப்பிடுவது வீண் செலவு.

தலைக்குக் குளித்தால் தலைவலி வரும் என்று நம் பெண்கள் சொன்னால் டாக்டர்கள் நம்பாத காலமும் இருந்தது. மும்பையைச் சேர்ந்த தலைவலி மருத்துவர் ரவிசங்கர், தலைக்குக் குளிப்பதால் ஒற்றைத் தலைவலி தூண்டப்பட்ட 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006-ல் ஒரு வெளிநாட்டு மருத்துவ இதழில் எழுதினார். பாட்டிமார் சொன்னது ஒன்று அச்சில் ஏறியதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இரண்டாவது வகையில், வலிக்கு முன் ஒரு முன்னறிவிப்பு வரும். டாக்டர்கள் இதை ஆரா என்பார்கள். கண்ணெதிரே ஒரு சிறு புள்ளி மினுமினுக்கும். அது வளைந்து நெளிந்த கோடாகி, கோட்டைக் கொத்தளம்போல் விரிந்துகொண்டே போகும். நடுவில் எழுத்து தெரியாது. இங்கிருந்து செஞ்சிக்குப் போகிறவர்களுக்குக் கோட்டை புதிதல்ல. கண்ணுக்குள்ளேயே ஒரு கோட்டை எழும்பினால் பயமாக இராதா? சிலருக்கு விரலில் தொடங்கிய மரமரப்பு கை வழியே ஏறி உதட்டுக்கு வரும். சிலருக்கு வார்த்தை தடுமாறும். ஒவ்வொன்றும் 5 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். லாஷ்லி என்ற அமெரிக்க அறிஞர் தம் கண்ணில் தோன்றிய கோட்டைத் தாமே வரைந்து கணக்கிட்டு, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941-ல் எழுதினார். 1944-ல் பிரேசில் நாட்டு விஞ்ஞானி லியாவோ, முயலின் மூளையில் ஏறக்குறைய அதே வேகத்தில் பரவும் அலையைக் கண்டார். ஆக, இது பேயுமல்ல, கண் திருஷ்டியுமல்ல. உப்பு மிளகாய் சுற்றிப் போடவேண்டியதில்லை.

12-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த புனித ஹில்டகார்டு கண்ட ஒளிக்காட்சிகளின் ஓவியங்களைப் பார்த்த சில மருத்துவ ஆசிரியர்கள், அவருக்கு இந்நோய் இருந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். இருந்திருக்கலாம். நோய் இருந்தது என்பதால் அவர் கண்ட காட்சியின் மதிப்பு குறைந்துவிடாது. திருச்சபை 2012-ல் அவரை மறைவல்லுநராக உயர்த்தியது.

இந்த இரண்டாம் வகைக்காரர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த ஹார்மோன் மாத்திரை எந்தக் காரணத்துக்காகக் கொடுக்கப்பட்டாலும், "எனக்குக் கண்ணில் மினுமினுப்பு வரும்" என்று டாக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் பக்கவாத ஆபத்து கூடும்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள் வரைக்குள் தவறாமல் வருவது ஒன்று. தலைவலியைவிடக் கிறுகிறுப்பே முந்தி நிற்பது ஒன்று. அபூர்வமாக ஒரு பக்கக் கை கால் தளர்ந்து போவதும் உண்டு. பிள்ளைகளுக்கு வயிற்றிலேயே வரும்: தொப்புளைச் சுற்றி வலி, முகம் வெளுத்துப் போகும், சாப்பாடு வேண்டாம் என்பார்கள், மறுநாள் விளையாடுவார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகாமலிருக்கச் சாக்கு என்று அடித்துவிடாதீர்கள்.

இப்போது கடைசி வகை. இது நாமே வளர்த்துக்கொள்வது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, மூன்று மாதத்துக்கு மேலாக என்றால், அது நாட்பட்ட தலைவலி. அதற்கு ஒரு பெரிய காரணம் பெட்டிக்கடை மாத்திரை. பாரசிட்டமால் போன்ற தனி மருந்தை மாதத்தில் 15 நாள், அல்லது காபிச் சத்தும் வேறு மருந்தும் கலந்த மாத்திரையை 10 நாள் என்று மாதக்கணக்கில் விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். விட்டால் வலி, போட்டால் கொஞ்சம் சுகம், மறுபடி வலி. சிறுநீரகமும் வயிறும் கெடுவது தனிக் கதை. முந்தானை முடிச்சில் மாத்திரை வைத்திருக்கும் தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கேயும் இரண்டு பேர் முடிச்சைத் தொட்டுப் பார்க்கிறீர்கள். ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் மருந்துகள் 1991 முதல் உண்டு. இருதய நோயாளிகளுக்கு அவை ஆகா. வராமல் தடுக்கவும் தினசரி மருந்துகள் உண்டு. அவற்றில் சில ஆஸ்துமாக்காரருக்கு ஆகா. எனவே டாக்டர் எழுதித்தான் வாங்கவேண்டும்.

சில தலைவலிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. இடி விழுந்தாற்போல் ஒரு நொடியில் வந்த கடும் வலி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வருவது, வலிப்புடன் வருவது, தலையில் அடிபட்ட பிறகு வருவது, 50 வயதுக்கு மேல் புதிதாக வருவது, முதல் முறையாகக் கை கால் தளர்வதோ பேச்சுக் குழறுவதோ: 108-ஐக் கூப்பிட்டுத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பிள்ளை பெற்ற வீட்டில் தலைவலி என்றால் இன்னும் அதிகக் கவனம் தேவை. பிரசவித்தவளுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்ற பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. உடலில் நீர் வற்றினால் மூளையின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையக்கூடும். தயவுசெய்து தண்ணீர் கொடுங்கள்.

பட்டினியும் தூக்கக் கேடும் இந்நோயைத் தூண்டுபவை. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பிருந்து, மாலையில் வாந்தியோடு விழுபவர்கள் உண்டு. நோயாளிகளை நோன்பு கட்டாயப்படுத்தாது. பங்குத் தந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் இங்கேதான் இருக்கிறார்.

வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, தலைவலி வந்த தேதி, நேரம், எந்தப் பக்கம், வாந்தி உண்டா, கண்ணில் ஏதாவது தெரிந்ததா, முந்தைய வேளை என்ன சாப்பிட்டீர்கள், மாதவிலக்கு நாள், போட்ட மாத்திரை என்று எழுதி வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் நாட்காட்டியில் வட்டம் போடுங்கள், மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு கோடும் போடுங்கள். இரண்டு மாதம் கழித்து அதைக் கையோடு டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

இனி நீங்கள் கேட்கலாம்.