கால்நடை வைத்தியத்தில் மக்களுக்கும் பங்கு வேண்டும்

(உடுவிலில் கூடிய கமக்காரர், கால்நடை வளர்ப்போர் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



நீதிமன்றத்திலே மாட்டை நாம் பெரும்பாலும் வழக்குப் பொருளாகவே கண்டு பழகியவர்கள். கட்டாக்காலி மாடு வேலியைப் பிரித்தது, புகையிலைக் கன்றை மிதித்தது என்று இரு தரப்பாரும் வாதிடுவர். மாட்டுக்காகப் பேச எவரும் பிரக்கிராசியை அமர்த்துவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்தோம் என்று எண்ணிவிடாதீர்கள். மாட்டைக் காலையில் அவிழ்த்து மாலையில் கட்டுகின்ற மக்களின் உரிமையைப் பற்றியே இன்று பேச வந்தோம்.

உடுவிலின் செம்பாட்டு மண் தானாக விளையும் மண்ணன்று. பட்டி அடைத்தும், எருச் சுமந்தும், குழை தாழ்த்தும் எமது முன்னோர் ஆக்கிய மண் அது. பனையோலையைக் கிழித்துப் போட்டு, பிண்ணாக்கும் தவிடும் கரைத்து வைத்து ஒரு பசுவை வளர்க்கும் ஏழைக் குடும்பத்துக்கு அப்பசுவே வங்கி. அதுவே பிள்ளையின் பள்ளிச் செலவு. யுத்தத்தில் கணவனை இழந்த பெண்கள் எத்தனையோ பேர் இரண்டு ஆட்டுக் குட்டிகளை வைத்துத்தான் மீண்டும் அடுப்பை மூட்டினார்கள். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இலும், வலிகாமம் முழுவதிலுமிருந்து 1995 ஒக்டோபரிலும் மக்கள் வெளியேறியபோது, கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தவர்கள் இக்கூட்டத்திலும் இருக்கிறார்கள்.

இத்தகைய மக்களிடம், உங்கள் ஊருக்கு எந்த மருந்து முதலில் வேண்டும், வைத்தியர் எந்த நாளில், எந்த நேரத்தில் வரவேண்டும் என்று எவராவது கேட்டதுண்டா? கால்நடைச் சேவை மேலிருந்து கீழே இறங்கி வருகின்றது. நாம் வரிசையில் நின்று ஏற்றுக்கொள்கின்றோம். இங்கே பணிபுரியும் வைத்தியர்களை நாம் குறை கூறவில்லை. அவர்கள் எம்மோடு தமிழிலேயே பேசுகின்றனர். பரந்த பிரதேசத்தைச் சிலராக நின்று பார்க்கின்றனர். குறை அமைப்பிலே உள்ளது.

சட்டம் என்ன சொல்கிறது?

1987 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் கால்நடை வளர்ப்பையும், மாகாணத்துக்குள் கால்நடை நோய்த் தடுப்பையும் மாகாண சபைகளின் பட்டியலிலே சேர்த்தது. அதே திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. வடக்குக் கிழக்கில் நிருவாக மொழி தமிழே என்பதும் அரசியலமைப்பில் எழுதப்பட்டுள்ளது. எழுதப்பட்டது எழுத்திலேயே நிற்கின்றது. வடமாகாணத்துக்கென 2013 இல் தெரிவான சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காக மக்களின் பிரதிநிதிகள் இல்லாமலே ஆளுநரின் கீழ் நிருவாகம் நடந்தது. மாட்டைப் பற்றிய அதிகாரம் எமக்குத் தரப்பட்டது. அதைக் கையில் ஏந்தும் அவை இல்லாமற் போயிற்று!

இன்னொன்றையும் கவனியுங்கள். 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம், தொற்றுநோய் கண்டால் உடனே அறிவிக்கும் கடமையை விலங்கின் உரிமையாளர் மீது சுமத்துகின்றது. நல்லது, அக்கடமையை நாம் ஏற்கின்றோம். ஆனால் எது தொற்றுநோய், அதன் அறிகுறி என்ன என்பதை அந்த உரிமையாளருக்கு விளங்கும் மொழியிலே முன்கூட்டிச் சொல்லும் கடமை யாருடையது? கடைகளில் விற்கும் கால்நடை மருந்துப் போத்தல்களில் பெரும்பாலானவற்றின் சீட்டை எடுத்து வாசித்துப் பாருங்கள். ஆங்கிலம்! மடி அழற்சிக்கு ஊசி போட்ட பசுவின் பாலை இத்தனை நாட்களுக்குக் கறந்து ஊற்றிவிட வேண்டும், விற்கலாகாது என்று அச்சீட்டிலே நுண்ணெழுத்தில் எழுதியிருக்கும். வாசிக்க முடியாத தாய் அந்தப் பாலை விற்கிறாள். தன் பிள்ளைக்கும் கொடுக்கிறாள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் எச்சம் பாலோடு கலந்து, நாளடைவில் கிருமிகள் மருந்துக்குப் பணியாத நிலை உண்டாவதை உலக வைத்தியர்கள் எல்லாரும் அஞ்சுகின்றனர். மொழியுரிமை என்பது பெயர்ப்பலகைச் சண்டை என்று ஏளனம் செய்வோர் இந்தப் பாற்செம்பையும் சிறிது எட்டிப் பார்க்கட்டும்.

மருத்துவத்தைத் தமிழிலே சொல்ல முடியுமா என்று கேட்போருக்கு நெடுந்தூரம் போகாமலே விடை சொல்லலாம். எமது அயலூரான மானிப்பாயில், 1848 இல் வைத்தியப் பணி தொடங்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர், 1860களில் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். 'இரணவைத்தியம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' என்று நூல்களையும் தமிழிலே வெளியிட்டார். கலைச்சொல் இல்லையே என்று அவர் கைகட்டி நிற்கவில்லை. இல்லாத சொல்லை ஆக்கினார். அவர் ஆக்கியவற்றுள் சில நிலைத்தன, சில மறைந்தன. அது இயல்பே. மனித உடலுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே முடிந்தது மாட்டின் உடலுக்கு முடியாதா? இலங்கையில் மிருக வைத்தியப் பட்டம் வழங்கும் பீடம் பேராதனையில் உள்ள ஒன்றே. பாடமும் ஆங்கிலத்திலேதான். பட்டதாரி ஆங்கிலத்திலே கற்கட்டும். உலக அறிவுக்கு அது வாயில். அவர் கற்றதை ஊருக்குச் சொல்ல ஒரு தமிழ்க் கைந்நூலாவது இருக்க வேண்டாமா?

நோய் தந்த பாடம்

2020 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தோல் கழலை நோய் இலங்கைக்குள் முதன்முதலாகப் புகுந்தபோது, வடமாகாணத்திலேயே அது வெளிப்பட்டது. பெரியம்மை என்று எம்மவர் பலர் அதற்குப் பெயரிட்டனர். உடல் முழுவதும் கட்டி, காய்ச்சல், பால் வற்றுதல். கடிக்கும் ஈயும் நுளம்பும் உண்ணியும் பரப்பும் நோய் அது, மனிதரைத் தொற்றுவதில்லை. ஆயினும் இத்தகைய நோய் வரும்போது பாலைத் தொடவே மக்கள் அஞ்சுவர். அச்சத்தைப் போக்க வேண்டியவர் வைத்தியர். ஆனால் அவர் வந்து சேருமுன் வதந்தி வந்துவிடுகின்றது. ஊருக்குள்ளேயே பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தால் வதந்திக்கு இடமேது?

2022 டிசெம்பரில் வீசிய குளிர்காற்றில் வடக்குக் கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மாண்டன. பாதிக்கப்பட்டோர் பெரும்பாலும் திறந்த வெளியில் பட்டி வைத்திருந்த எளியவர்கள். பதிவில்லாத மாட்டுக்கு இழப்பீடு கேட்பது எவ்வளவு சிக்கல் என்பதை வழக்கறிஞர்களாகிய நாம் அறிவோம். பதிவேட்டில் பெயர் இல்லாதவர் யார் என்று பார்த்தால், அவர் நிலமற்றவராகவோ, தனித்து வாழும் பெண்ணாகவோ இருப்பார்.

இங்கே நாம் அரசாங்கத்தை விட்டு எம்மையே பார்க்க வேண்டும். பாலைக் கறப்பவள் பெண். மடி சூடாயிருப்பதையும், முதற்பாலில் திரள் வருவதையும் முதலிற் காண்பவள் அவளே. சங்கத்தின் அங்கத்துவமோ கணவன் பெயரில்; கூட்டத்துக்கு வருபவனும் அவனே. பெண்களுக்கான விடுதிப் பாடசாலை 1824 இலேயே எழுந்த ஊர் இந்த உடுவில். இருநூறு ஆண்டு சென்ற பின்னும் கால்நடைக் கூட்டத்தில் பெண்கள் பின்வரிசையிலே நிற்பது எமக்குப் பெருமையா? சாதியையும் மறைக்க வேண்டாம். இன்ன வீட்டுப் பாலை இன்னார் வாங்கார் என்ற வழக்கத்தை முதியவர்கள் அறிவார்கள். அது முற்றாகப் போய்விட்டது என்று சத்தியம் செய்ய எவர் முன்வருவார்? குஜராத்தில் 1946 இல் திரிபுவன்தாஸ் பட்டேல் தலைமையில் கெய்ரா மாவட்டப் பாற்கூட்டுறவு பிறந்தது. பின்னர் அமுல் என்று பெயர் பெற்றது அதுவே. அங்கே எல்லாச் சாதியாரும் ஒரே வரிசையில் நின்று ஒரே பாத்திரத்தில் பாலை ஊற்றினர். பாலில் எதையும் பிரித்தெடுக்க முடியாதல்லவா! அந்தக் கூட்டுறவே மிருக வைத்தியர்களை நியமித்து ஊர் ஊராக அனுப்பியது. வைத்தியர் உற்பத்தியாளரின் ஊழியராக வந்தார். இதுவே நாம் வேண்டும் மாற்றம்.

வெக்கை எனப்பட்ட மாட்டுக் கொள்ளைநோயை உலகம் ஒழித்த வரலாறும் இதையே காட்டும். இலங்கையிலே பல்லாண்டுகள் காணப்படாதிருந்த அந்நோய், 1987 இல் இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு மீண்டும் வந்ததாக ஆய்வாளர் பதிந்துள்ளனர். படைகள் வந்தால் மனிதர் மட்டுமன்று, மாடும் துன்புறும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. எத்தியோப்பியாவின் அபார் பிரதேசத்தில் அரசாங்கக் குழுக்கள் எளிதிற் புக முடியாத இடங்களிலும் அந்நோய் ஒளிந்திருந்தது. 1990களில், வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்தை, இடையர் சமூகமே தெரிந்தெடுத்த தம்மவர் சிலரிடம் கொடுத்துப் பழக்கினர். எழுத்தறியாத பலர் அவர்களுள் இருந்தனர். ஊசி போட்டவர்கள் அவர்களே. 2011 இல் அந்நோய் உலகினின்றே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனித முயற்சியால் முற்றாக ஒழிந்த நோய் இது ஒன்றே.

இதைக் கேட்டு, வைத்தியரே வேண்டாம் என்று எவரும் புறப்பட்டுவிடக் கூடாது. 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவரே மிருக வைத்தியம் செய்யலாம். அது வேண்டிய காப்பு. ஊர்த் துணைவர் வைத்தியரின் கீழ் நின்று, நோயைக் கண்டு சொல்லி, தடுப்பூசி நாளில் ஆட்களைத் திரட்டி, மருந்துச் சீட்டை விளக்கட்டும். நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி போடுவதிலும் இதே கதைதான். நூற்றுக்கு எழுபது நாய்களுக்காவது ஊசி சேர வேண்டும் என்பர். வீட்டார் பிடித்துக் கொடாமல் அது சேருமா?

பரம்பரை அறிவையும் இதே தராசில் நிறுக்க வேண்டும். மாட்டு வாகடங்களில் உள்ளதெல்லாம் பொன் என்று நாம் சொல்லோம். குறி சுடும் கொடுமையும் அந்த மரபிலேயே வந்தது. அதை விடத்தான் வேண்டும். ஆனால் தமிழ்நாட்டிலே பேராசிரியர் புண்ணியமூர்த்தி, மடி அழற்சிக்குக் கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசும் முறையை ஆராய்ந்து பரப்பினார். இந்தியத் தேசிய பால்வள வாரியமும் அதை ஏற்றுக் கொண்டு சென்றது. பாட்டியின் கைமருந்து பல்கலைக்கழகத்தின் சோதனைக்குட்பட்டு மீண்டும் தொழுவத்துக்கு வந்தது. கற்றாழைக்கு எமது வேலியோரத்தில் பஞ்சமா?

இனி நாம் செய்யக்கூடியது. மாகாண சபைத் தேர்தலுக்காகக் குரல் கொடுப்போம்; ஆனால் அதுவரை கைகட்டியிருக்க வேண்டியதில்லை. 2025 மே மாதத் தேர்தலில் எமது பிரதேச சபைகளுக்கு உறுப்பினர்களை அனுப்பினோம். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத குடிமக்களையும் சேர்க்க இடமளிக்கின்றது. ஆகவே வலிகாமம் தெற்குப் பிரதேச சபை கால்நடைக் குழு ஒன்றை அமைக்க வேண்டும்; அதிற் பாதிப்பேர் பெண்களாயிருக்க வேண்டும்; ஆடு, கோழி மட்டும் வளர்ப்போரும் நிலமற்றோரும் அதில் இடம்பெற வேண்டும்; ஒவ்வொரு கிராமமும் தான் தெரிந்த ஒருவரை வைத்தியரிடம் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும்; மருந்துச் சீட்டுகளும் சுற்றறிக்கைகளும் தமிழில் வரவேண்டுமென அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுத்திலே முறையிட வேண்டும் என்று தீர்மானம் ஒன்றை வரைந்திருக்கின்றோம். முறையீட்டை நாமே எழுதுவோம், கட்டணம் கேட்கமாட்டோம். வெற்றுச் சீட்டு ஒட்டிய மருந்துப் போத்தல்களை நீங்கள் சேர்த்துத் தந்தாற் போதும், அவையே எமது சான்றுப் பொருட்கள்.

தீர்மானம் இன்னும் பென்சில் எழுத்திலேதான் இருக்கின்றது. திருத்தம் கூற விரும்புவோர் இப்பொழுது கூறலாம். கன்றுக்குத் தண்ணீர் வைக்க நேரமாயிற்றென்று பின்வரிசையில் எழுந்து நிற்கும் தாய்மார் முதலிற் பேசட்டும்.