மங்கும் முன்னே படம் எடுப்போம்
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆய்வுகூடப் பணியில் உள்ள பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



ஆய்வுகூடத்தில் என்னதான் செய்கிறீர்கள் என்று வீட்டிலும் கோயில் வீதியிலும் எங்களைக் கேட்காதவர் இல்லை. அதற்கு விடையாக உள்ளங்கை அளவுள்ள ஒரு மெல்லிய வெள்ளைத் தாளைப் பற்றி இன்று பேசுகிறோம். பார்வைக்குத்தான் அது தாள். உண்மையில் அது நைட்ரோசெலுலோஸ் அல்லது பீ.வீ.டி.எஃப் என்ற பொருளால் ஆன மென்சவ்வு.

இரத்தத்திலோ இழையத்திலோ உள்ள புரதங்களை முதலில் ஒரு ஜெல்லில் மின்னோட்டம் செலுத்திப் பருமன் வாரியாகப் பிரிக்கிறோம். பிரிந்த புரதங்களை மீண்டும் மின்னோட்டத்தால் இந்த மென்சவ்வுக்கு மாற்றுகிறோம். பின்னர், நாம் தேடும் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியை விட்டு, அது பிடித்த இடத்தை நிறமாகவோ ஒளியாகவோ காட்டச் செய்கிறோம். இதுவே வெஸ்டர்ன் பிளொட். 1979இல் டௌபின், ஸ்டெய்லின், கோர்டன் ஆகிய மூவர் இம்முறையை வெளியிட்டார்கள். 1975இல் டி.என்.ஏ.க்கு இத்தகைய முறையைக் கண்டவர் சதேர்ன். அப்பெயருக்குத் 'தெற்கு' என்றும் பொருள் உண்டல்லவா? அதனால் 1981இல் பர்னெட் என்பவர் இதற்கு 'மேற்கு' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார். எச்.ஐ.வி. தொற்றை உறுதிப்படுத்த நெடுங்காலம் உலகெங்கும் பயன்பட்டதும் இம்முறைதான். 2019இல் உலக சுகாதார நிறுவனம் வேறு விரைவான பரிசோதனைகளுக்கு மாறும்படி பரிந்துரைத்தது.

இவ்வளவு பாடுபட்டுப் பெறும் நிறம் நிலையானதல்ல. பொன்சோ எஸ் என்ற செந்நிறச் சாயம் புரதம் ஒழுங்காக மாறியதா என்று ஐந்து நிமிடத்தில் காட்டிவிடும். தண்ணீரில் கழுவினால் போய்விடும். டீ.ஏ.பி. தரும் கபில நிறக் கோடுகள் வெளிச்சத்தில் மங்கும். ஒளிரும் முறையிலோ சிறிது நேரத்தில் ஒளி அடங்கிவிடும். மென்சவ்வில் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

இதை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். முன்பு நாங்கள் பணியாற்றிய ஓர் ஆய்வுகூடத்தில், டீ.ஏ.பி. போட்ட ஒரு மென்சவ்வில் அழகான கோடு கிடைத்தது. அந்தக் கோட்டை மட்டும் கைத்தொலைபேசியில் நெருங்கிப் படம் பிடித்தோம். மென்சவ்வைச் செலோரேப்பால் குறிப்பேட்டில் ஒட்டி, யன்னலோர மேசையில் வைத்துவிட்டோம். எட்டு மாதம் கழித்து, கட்டுரையைப் பரிசீலித்தவர் முழு மென்சவ்வின் படத்தைக் கேட்டார். குறிப்பேட்டைத் திறந்தோம். கோடு மங்கி, பின்னணி மஞ்சளாகி, செலோரேப்பை இழுத்ததும் மென்சவ்வு அப்பளம்போல் நொறுங்கியது. மீண்டும் செய்து காட்ட மாதிரியும் போதவில்லை. அந்த முடிவைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டோம். நாங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மை சொன்னோம் என்பதற்குச் சான்று இல்லாமற் போயிற்று.

பரிசீலித்தவர் கேட்டதில் தவறில்லை. 2016இல் எலிசபெத் பிக் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 20,621 கட்டுரைகளின் படங்களைக் கண்ணால் பார்த்து ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ நான்கில் ஒரே படம் மீண்டும் வந்திருந்தது போன்ற குறைகள் இருந்தன. அதனால் இன்று பல சஞ்சிகைகள் வெட்டாத முழுப் படத்தைக் கேட்கின்றன.

அன்றிலிருந்து நாங்கள் கைக்கொள்ளும் ஒழுங்கு இதுதான். மென்சவ்வைத் தொடும் முன் கையுறை போடுகிறோம். ஒரு மூலையைச் சிறிது வெட்டி, திகதியையும் இலக்கத்தையும் பென்சிலால் எழுதுகிறோம்; மை கரைந்து பரவிவிடும். பொன்சோ சாயம் இட்டதும், கழுவும் முன்பே படம் எடுக்கிறோம். நிறம் வந்ததும் காய்ச்சி வடித்த நீரில் நன்றாகக் கழுவி, ஈரமாக இருக்கும்போதே தெளிந்த பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து ஸ்கானரில் ஒரு படம். உலர்ந்த பின் இன்னொன்று. பருமன் காட்டும் அளவுக் கோடுகளும் நான்கு ஓரங்களும் படத்தில் இருக்க வேண்டும். மூலப் படத்தில் கை வைப்பதில்லை. வெட்டுவதும் திருத்துவதும் பிரதியில்தான். படங்களை இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமிக்கிறோம்.

மென்சவ்வை இரண்டு வடிதாள்களுக்கு நடுவே, மேலே பாரம் வைத்து உலர்த்துகிறோம். வாவிக் காற்றின் ஈரம் எங்கள் ஊரில் எதையும் விட்டுவைக்காது. ஆகவே சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய பெட்டியில், வெளிச்சம் படாமல் வைக்கிறோம். நைட்ரோசெலுலோஸ் உலர்ந்தால் எளிதில் உடையும். அதனால் மடிப்பதில்லை, ஒட்டுவதுமில்லை.

சகோதரிகளே, இது எங்களுக்குப் புதிய பாடமல்ல. இந்த மண்ணில் ஏடு வைத்திருந்தவர்கள் அதற்கு எண்ணெய் பூசினார்கள்; செல்லரிக்கும் முன் புதிய ஏட்டில் படியெடுத்தார்கள். ஏடுகளில் கிடந்த மட்டக்களப்பு மான்மியத்தை எஃப்.எக்ஸ்.சி. நடராசா அவர்கள் 1962இல் அச்சேற்றியதால்தான் அது இன்று நம் கைகளில் இருக்கிறது. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியிலும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியிலும் பிறப்புச் சான்றிதழையும் திருமணப் படத்தையும் இழந்த வீடுகள் நம்மிடையே உண்டு. ஒரு பிரதி வேறிடத்தில் இருந்தவர்கள் பட்ட ஆறுதலையும் நாம் அறிவோம்.

ஒரு மென்சவ்வுக்குப் பின்னால், ஆய்வுக்கென்று கையை நீட்டி இரத்தம் தந்த ஒருவர் இருக்கிறார். வயலையும் தோணியையும் ஒரு நாள் விட்டுவிட்டு வந்தவராகவும் இருக்கலாம். அவர் தந்ததை நாம் கவனயீனத்தால் மங்கவிடலாகாது.

அன்று விஞ்ஞானக் கொப்பியில் படத்துக்குப் பெயர் குறிக்காவிட்டால் ஆசிரியை புள்ளியைக் குறைப்பார். அப்போது முணுமுணுத்தோம், இப்போது நன்றி சொல்கிறோம். ஆய்வுகூடங்களில் இருக்கும் தங்கைகள் இன்று மாலைக்குள் தங்கள் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். படம் எடுக்காதது ஒன்றாவது இருக்கும். மங்கும் முன்னே எடுத்துவிடுங்கள்.