மறைந்தோரை எழுதிய தூரிகை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விக்டோரியா அரசியார் ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில், மேலை நாட்டு இல்லங்களில் இறந்தோரை உயிருள்ளோர் போல் எழுதி மாட்டும் வழக்கம் ஒன்று இருந்தது. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் அது பெரிதும் நிலவிற்று. எழுதப்பெற்றோருள் பலர் குழந்தைகள். செங்காய்ச்சல் ஒரு வீட்டிற் புகுந்தால் ஒரு பிள்ளையோடு நில்லாத காலம் அது.

குழந்தை கண்மூடியதும் ஓவியனுக்கு ஆள் போகும். அவன் வந்து முகத்தை வரைந்துகொள்வான். மூடிய விழியின் நிறத்தை உற்றாரிடம் கேட்டறிவான். படத்திலோ குழந்தை விழித்திருக்கும். ஆயினும் தலைகீழாய்ப் பிடித்த மலர், கழன்று கிடக்கும் ஒற்றைக் காலணி, பின்னே துவளும் வில்லோ மரம் ஆகியவற்றைக் கண்டோர் செய்தியை உணர்வர்.

ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஜோசப் வைட்டிங் ஸ்டாக் (1815–1855) இத்தொழிலில் உழன்றவர். பதினொன்றாம் வயதில் மாட்டு வண்டி மேலே சாய்ந்து கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தே ஊர் ஊராய்ச் சென்று நூற்றுக்கணக்கில் படம் எழுதினார். யாருடைய படம், என்ன அளவு, எவ்வளவு கூலி என்று குறிப்பேடும் வைத்திருந்தார். பேரேடு எழுதியே பிழைக்கும் எனக்கு அக்குறிப்பேட்டின் மீது தனிப் பற்று. உயிருள்ளோர் படங்களுக்கு நடுவே, பிணத்தைப் பார்த்து எழுதியவையும் அதில் வரிசையாக நிற்கின்றன. எழுதிய கை நடுங்கிற்றா என்பதைக் கணக்கு எங்கே சொல்லப்போகிறது!

1839-இல் டாகுவேரோடைப் என்னும் நிழற்படம் வந்தது. குறைந்த செலவில் படம் கிடைத்ததால் தூரிகைக்கு வேலை மெல்லக் குறைந்தது.

இறந்த பிள்ளையை விழித்திருப்பதாக எழுதுவது பொய்யன்றோ என்பார் உளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏமாந்தவர் எவர்? கூலி கொடுத்த பெற்றோர் எல்லாம் அறிந்தவரே. பிணத்தின் முகமே கடைசி நினைவாய் நின்றுவிடலாகாது என்பதே அவர்கள் வேண்டுகோள்.

லாங் ஐலண்டில் வாழ்ந்த ஷெப்பர்ட் அலோன்சோ மவுண்ட் என்ற ஓவியர் பிறருக்காக எழுதிப் பழகியவர். 1868-இல் அவருடைய பேத்தி காமில் என்னும் கைக்குழந்தை இறந்தது. பாட்டனாரே தூரிகை எடுத்தார். பைக்கடிகாரத்தைக் காதோடு வைத்து ஓசை கேட்பது அக்குழந்தைக்கு விருப்பம். ஆதலால் மேகத்தினிடையே குழந்தையை எழுதி, அருகே அக்கடிகாரத்தையும் எழுதினார். அவரும் அவ்வாண்டிலேயே காலமானார்.