இடது காலுக்குத் தெரிந்த கணக்கு



ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரு லாரியையோ, ஒரு 407 சிறு லாரியையோ நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். மலையடிவாரத்தில் மாங்காய், தேங்காய். ஊருக்குள் பஞ்சும் நூலும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி. ஏற்றுவதற்கு இங்கே சரக்குக்குக் குறைவில்லை. இந்த வண்டிகளில் கிளட்ச் தேய்ந்து போனால் அடுத்ததை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கிளட்சைக் காசு கொடுத்து வாங்குகிறவர் முதலாளி. அதை நாளெல்லாம் மிதிக்கிறவர் டிரைவர். கடைக்குப் போகும் முதலாளி தன் வண்டி அதிகபட்சம் எத்தனை டன் இழுக்கும் என்று மட்டும் யோசிக்கிறார். அந்த வண்டி எங்கெங்கே நின்று கிளம்புகிறது என்பது டிரைவருக்குத்தான் தெரியும். கிளட்சின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்த இரண்டாவது விஷயம்.

காரணத்தைச் சொல்கிறேன். எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கிறது, சக்கரம் நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் அந்தச் சில நொடிகளில்தான் கிளட்ச் தட்டு உரசுகிறது, சூடாகிறது, தேய்கிறது. முழுதாகப் பிடித்த பிறகு தட்டும் எஞ்சினின் ஃப்ளைவீலும் ஒன்றாகச் சுழலும். அங்கே உரசலே கிடையாது. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் நிலையை விட்டு அசைவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். முதல் அசைவுக்குத்தான் அத்தனை பேரின் பலமும் வேண்டியிருக்கிறது.

நின்ற வண்டியைச் சமதரையில் கிளப்பும்போது, வண்டிக்கு எவ்வளவு ஓட்ட ஆற்றல் சேர்கிறதோ ஏறக்குறைய அதே அளவு ஆற்றல் கிளட்சில் வெப்பமாகிறது. ஓட்ட ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முதல் கியரில் கிளட்ச் பிடித்து முடிக்கும் வேகத்தைவிட இரண்டாம் கியரில் அது ஒன்றே முக்கால் மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பம் மூன்று மடங்காகிவிடும். காலி வண்டியை இரண்டாம் கியரில் எடுப்பது பலருக்குப் பழக்கம், பரவாயில்லை. அதே பழக்கம் லோடு வண்டிக்கும் தொற்றிக்கொண்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தட்டும் கருகும்.

ஏற்றம் என்றால் இன்னும் கூடுதல். நம் ஊர் வழியாகப் போகிற திருமங்கலம் - கொல்லம் நெடுஞ்சாலை, பழைய 208, இப்போதைய 744, செங்கோட்டை வரை பெரும்பாலும் சமதரைதான். புளியரை தாண்டி ஆரியங்காவுக்கு ஏறும் வளைவுகளில்தான் சோதனை. முன்னால் ஒரு வண்டி நின்றால் பின்னால் எல்லாமே நிற்கும். முழு லோடோடு மேட்டில் மறுபடி கிளப்ப வேண்டும். அதைவிட மோசமான இடம் ஒன்று இருக்கிறது: தோப்பு. சேத்தூர், தேவதானம், மம்சாபுரம் பக்கம் மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் இளகிய மண்ணில் சக்கரம் அழுந்தி நிற்க, சரக்கை ஏற்றிவிட்டு வண்டியை வெளியே எடுக்க வேண்டும். தார்ச்சாலையில் சக்கரத்துக்கு இருக்கும் தடையைப் போல் பத்து மடங்குக்கும் மேல் அங்கே இருக்கும். டிரைவர் அரைக் கிளட்சிலேயே வண்டியை முன்னும் பின்னும் அசைப்பார். வேறு வழியும் அவருக்கு இல்லை.

இப்போது கடைக்குப் போவோம்.

கிளட்ச் எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும் என்பது எளிய பெருக்கல்தான். தட்டின் இரண்டு முகங்கள், அவற்றில் பதித்த உராய்வுப் பட்டையான ஃபேஸிங்கின் உராய்வுக் குணகம், பிரஷர் பிளேட் தரும் அழுத்தம், தட்டின் சராசரி ஆரம், இவற்றைப் பெருக்கினால் போதும். உதாரணத்துக்கு 352 மில்லிமீட்டர் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சராசரி ஆரம் 14 சென்டிமீட்டர், உராய்வு 0.3, அழுத்தம் 10,000 நியூட்டன், அதாவது சுமார் ஒரு டன் எடை. விடை 840 நியூட்டன் மீட்டர். எஞ்சின் 450 கொடுக்கிறது என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கையிருப்பு. லோடு வண்டிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு இருந்தால் போதுமானது. கம்பெனி கொடுத்த அளவில் இந்தக் கையிருப்பு ஏற்கெனவே சேர்ந்தேதான் இருக்கிறது. டீசல் பம்பில் கூட்டி வைத்து எஞ்சினின் முறுக்கை ஏற்றியவர்கள்தான் அந்தக் கையிருப்பைத் தாங்களே தின்றுவிடுகிறார்கள்.

பிடிப்பு போதவில்லை என்று தோன்றினால் பலர் முதலில் கேட்பது ஸ்பிரிங் கடினமான பிரஷர் பிளேட்டை. எனக்கு அது பிடிக்காது. பெடல் கனமாகிறது. பெரிய லாரியில் காற்றழுத்தத்தில் உதவும் கிளட்ச் பூஸ்டர் இருக்கிறது. சிறிய வண்டிகள் பலவற்றில் கிடையாது. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டிலிருந்து தென்காசி ரோட்டில் ஊர்ந்து வெளியேறுவதற்குள் எத்தனை முறை மிதிக்க வேண்டியிருக்கிறது! அந்தக் கனம் முழுவதும் ஒரு மனிதரின் இடது முழங்காலில் இறங்குகிறது. முழங்கால் வலிக்கிற டிரைவர் பெடலை முழுதாக மிதிக்கமாட்டார், அரைகுறையாக மிதிப்பார்; கியர்ப் பெட்டி அடிவாங்கும். அதோடு நிற்பதில்லை. மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அழுத்தம் ரிலீஸ் பேரிங் வழியாக கிராங்க் ஷாஃப்டைத் தள்ளுகிறது. அதைத் தாங்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்தால் எஞ்சினையே இறக்க வேண்டிவரும்.

அடுத்தது செராமிக், பட்டறையில் பட்டன் பிளேட் என்பார்கள். தாமிரம், இரும்பு, செராமிக் துகள் சேர்த்துச் சுட்ட வில்லைகள். சாதாரண ஃபேஸிங் கருகும் சூட்டையும் இது தாங்கும், உராய்வும் அதிகம். ஆனால் மெதுவாகப் பிடிக்கத் தெரியாது. சட்டென்று கவ்வும், வண்டி உதறும், அந்த அதிர்ச்சியை ஜாயிண்ட் கிராஸும் கிரவுன் வீலும் வாங்கிக்கொள்ளும். ஃப்ளைவீலையும் சீக்கிரம் அரிக்கும். அமெரிக்காவின் பெரிய டிரக்குகளில் இரண்டு தட்டு, செராமிக் வில்லை என்பது நெடுங்கால வழக்கம். அங்கே நெடுந்தூர ஓட்டத்தில் நிறுத்தவும் கிளப்பவும்தான் கிளட்ச். பழகிய டிரைவர்கள் பெடலைத் தொடாமலே கியர் மாற்றுவார்கள். நம் டிரைவருக்கு அந்த வசதி இல்லை. காலையில் தோப்பு, மதியம் கடைவீதி, இரவில் மலைப்பாதை என்று ஒரே வண்டியை ஓட்டுகிறார். அவருக்கு இழைகளும் பிசினும் சேர்த்துச் செய்த வழக்கமான ஃபேஸிங்தான் ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. இழுப்பது மட்டுமே வேலை என்றால் பட்டனைப் பற்றி யோசிக்கலாம்.

உங்கள் ஃப்ளைவீலுக்குப் பெரிய விட்டமுள்ள தட்டு பொருந்துமானால் அதுவே சிறந்த வழி. பெடல் கனமாகாமல் பிடிப்பு கூடும், சூடும் அதிகப் பரப்பில் பரவும். சுருள் ஸ்பிரிங் வைத்ததா, டயாஃபிரம் வைத்ததா என்று தேர்ந்தெடுக்க முடிந்தால் டயாஃபிரத்தை வாங்குங்கள். ஃபேஸிங் தேயத் தேயச் சுருள் ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைந்துகொண்டே போகும்; டயாஃபிரம் பெருமளவு அழுத்தத்தைக் காத்துக்கொள்ளும்.

ஏற்றும் எடையையும் கவனியுங்கள். 2018இல் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. சட்டம் அனுமதித்தாலும், அதற்கு முன் வந்த லாரியின் கிளட்ச் பழைய எடைக்குக் கணக்கிட்டது என்பதை நினைவில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றுங்கள். பழைய தட்டில் புது ஃபேஸிங் ரிவெட் அடித்து வாங்கினால் பணம் மிச்சம்தான். ஆனால் நடுவிலிருக்கும் டேம்பர் ஸ்பிரிங்குகள் பழையவையாகவே இருக்கும். ஃப்ளைவீலில் நீலத் திட்டோ வெடிப்போ தெரிந்தால் லேத்துக்கு அனுப்புங்கள். எஞ்சின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். எண்ணெய் பட்ட தட்டில் நான் சொன்ன கணக்கெல்லாம் பொய்த்துப் போகும்.

மெக்கானிக்குகளுக்கு ஒரு வேண்டுகோள். பழைய ஃபேஸிங்குகளில் கல்நார் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. கிளட்ச் பெட்டியைத் திறந்ததும் காற்றுக் குழாயை வைத்து ஊதாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலில் தங்கிவிடும். பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும். ஈரத்துணியால் துடையுங்கள். பக்கத்தில் நிற்கிற பையனையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

புது கிளட்ச் மாட்டிய வண்டியை அன்றைக்கே முழு லோடோடு புளியரை ஏற்றத்துக்கு அனுப்ப வேண்டாம். சில நூறு கிலோமீட்டர் லேசான சுமையோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே ஓடட்டும். ஃபேஸிங்கும் ஃப்ளைவீலும் முழுப் பரப்பிலும் பொருந்திய பிறகு மலையேறலாம்.