ஊருக்கும் ஒரு பங்கு



புவியியலும் சுற்றுலாவியலும் படித்து இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, உங்களிடம் இரண்டு விளையாட்டுகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

ரஷ்யாவில் நடக்கவிருந்த 44-வது செஸ் ஒலிம்பியாட், உக்ரைன் போரால் இடம் மாறி, 2022 ஜூலை இறுதியில் மாமல்லபுரத்தில் தொடங்கியது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் வந்தார்கள். சென்னை நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தீட்டப்பட்டன. நல்ல அரங்கும், தங்கும் விடுதிகளும், எட்டும் தூரத்தில் விமான நிலையமும் இருந்தால் செஸ் எந்த நாட்டுக்கும் போகும். சில மாதங்களிலேயே அது நம்மிடம் வந்து சேர்ந்தது அதனால்தான்.

ஜல்லிக்கட்டு அப்படிப் போகாது. பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலுக்குப் பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர் என்று நாளும் ஊரும் பிணைந்தது அது. வாடிவாசல் முன் தேங்காய் நார் பரப்பியிருப்பார்கள். முதலில் அவிழ்வது கோயில் காளை, அதை யாரும் பிடிக்க மாட்டார்கள். அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் 2024 ஜனவரியில் பெரிய ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. ஆனாலும் பொங்கல் வந்தால் கூட்டம் ஊருக்குள் இருக்கும் வாடிவாசலைத்தான் தேடுகிறது.

வந்து போகும் விளையாட்டுக்கு வசதி வேண்டும். மண்ணோடு பிறந்த விளையாட்டுக்கு ஊராரின் மனம் வேண்டும். இரண்டிலும் பெருமை நாட்டுக்குச் சேர்கிறது. ஆனால் நெரிசல், குப்பை, தண்ணீர்த் தட்டுப்பாடு எல்லாம் உள்ளூரின் தலையில் விழுகின்றன. நாட்டின் வரைபடத்தில் மாமல்லபுரம் ஒரு புள்ளி. அங்கே வாழ்பவர்களுக்கோ அது கல் செதுக்கும் பட்டறை, படகு ஏற்றி நிறுத்தும் கரை, பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் தெரு. புள்ளியை மட்டும் பார்த்துத் தீட்டும் திட்டம் அந்தத் தெருவை மறந்துவிடும்.

நாளை உங்களில் பலர் சுற்றுலாத் துறையிலும் நகரமைப்பிலும் விளையாட்டு நிர்வாகத்திலும் அமர்வீர்கள். ஒரு போட்டிக்கு இடம் தேர்ந்தெடுக்கும் கோப்பு உங்கள் மேசைக்கு வரும். கையெழுத்திடும் முன் அந்த ஊருக்குப் போங்கள். மீனவரிடமும் சிற்பியிடமும் காளை வளர்ப்பவரிடமும் பேசுங்கள். வருமானத்தில் ஊருக்கு என்ன பங்கு என்பதைக் கோப்பிலேயே எழுதி வாங்குங்கள். நீங்கள் கற்ற கல்விக்கு அதுவே பெருமை.