புதுக் குழாய் வாங்கியாச்சா?

வீட்டுக்குப் புதுக் குழாயோ ஷவரோ வாங்கியிருக்கிறீர்களா? இன்றைய தகவல் உங்களுக்குத்தான்.

2020 செப்டம்பரில் சுங்கை கோங் ஆறு மாசுபட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கே தண்ணீருக்குத் தவித்தது நினைவிருக்கும். அப்படித் தடைபட்ட நீர் திரும்பி வரும்போது, குழாயில் படிந்த துருவையும் மண்டியையும் அடித்துக்கொண்டு வரும். அந்தக் கலங்கல் நேராகப் புது ஷவருக்குள் போனால் துளைகள் அடைபடும், உள்ளே இருக்கும் வால்வில் கீறல் விழும். அதனால் மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள சாதாரணக் குழாயை முதலில் திறந்து, நீர் தெளியும்வரை ஓடவிடுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் மாதிரி பழைய பகுதிகளில் இது இன்னும் முக்கியம். புதிதாகப் பொருத்தும் நாளிலும் அப்படியே: முதலில் பைப்பைக் கழுவிவிட்டு, பிறகு மாட்டச் சொல்லுங்கள்.

கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தைக் குரோம் பூச்சில் தேய்க்கவே வேண்டாம். அதனால் வரும் சேதத்துக்கு வாரண்டி இல்லை என்று பெரும்பாலான அட்டைகளில் பொடி எழுத்தில் இருக்கும். சோப்பு நீரும் மெல்லிய துணியும் போதும்.

தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானின் அங்கீகாரம் பெற்ற பொருளா என்று கேட்டு வாங்குங்கள். கடை ரசீதில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். அன்றைக்கே கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். பொருத்திய பிளம்பரிடமும் ரசீது வாங்குங்கள்.

இவ்வளவு செய்தும் பொருள் பழுதாகி, கடைக்காரர் கைவிரித்தால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு இருக்கிறது. 5 ரிங்கிட் கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். 3 ஆண்டுகளுக்குள் போய்விட வேண்டும்.